தட்டுக்கம்பி

நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். கம்பெனியின் மாடி அறை அது. மற்ற நாளில் எங்களை அங்கே ஏற விடமாட்டார்கள். பூட்ஸோடு ஏறினால் கம்பளம் நாறிப்போகும் என்று வாட்ச்மேன் படிக்கட்டிலேயே மறிப்பான். அன்றைக்கு மேனேஜரே படி முனையில் நின்று, "வாங்க, வாங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க" என்றார். எங்கள் வீட்டில் கம்பளம் கிடையாது. அவர் மேலிருந்து பூ வாசனை வந்தது, யாரோ அப்போதுதான் பீச்சிவிட்ட மாதிரி. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

நான் குமட்டுகிற ஆள் இல்லை. கோழி அறுக்கிற கம்பெனியில் குடல் மேஜை என்னுடையது. வயிற்றுக்குள் கையை விட்டுச் சுருட்டி இழுத்து, பித்தப்பை உடையாமல் பிரித்து வாளியில் போடுவேன். மதியச் சாப்பாட்டை அதே மேஜை ஓரத்தில் நின்று சாப்பிட்டிருக்கிறேன். உன் மூக்கு செத்து வெகுகாலம் ஆகிறது என்பாள் வீட்டுக்காரி. அந்த மூக்கு அன்றைக்கு மாடியில் உயிர் பிழைத்துக்கொண்டது.

என்னோடு வந்தவன் மச்சினன், வீட்டுக்காரியின் தம்பி. அவனுக்கு இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. வெந்நீர்த் தொட்டியில் வெந்த கைகள். வேக வைத்தவன் என்று போலீஸ் எழுதி வைத்திருந்த ஆள், எங்களுக்கு முன்னாலேயே வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பாய்லர்க்காரன். கழுத்தும் காலும் நீளம் என்பதால் கொக்கு என்று பேர். கோழிக் கம்பெனியில் கொக்குக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரு தடவை கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். இப்போது அந்த மூஞ்சியைப் பார்த்தால் காறித் துப்பத்தான் தோன்றியது. கம்பளத்தை யோசித்து விழுங்கிக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் முதலில் தொட்டியைச் சொல்ல வேண்டும்.

அறுத்த கோழியை இறகு பிடுங்குகிற உருளைக்குப் போடும் முன்னால் வெந்நீரில் முக்கணும். அதற்குத்தான் தொட்டி. அடியில் ஓட்டை போட்ட இரும்புக் குழாய் ஓடுகிறது. அதில் நீராவி வரும், தண்ணீர் சுடும். நீராவியைத் திறக்கிற சக்கரம் சுவருக்கு அந்தப் பக்கம், பாய்லர் அறையில். தொட்டியில் நிற்பவனுக்குப் பாய்லர்க்காரன் தெரியமாட்டான், அவனுக்கு இவன் தெரியமாட்டான். இறகும் பீயும் கொழுப்பும் சேர்ந்து களியாகத் திரண்டு குழாயின் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் ஆறியிருக்கிற நேரம் பார்த்து, தொட்டிக்காரன் குனிந்து முழங்கை வரைக்கும் கையை விட்டு அந்தக் களியை வாரி எடுப்பான். அப்போது அந்தப் பக்கம் ஒருவன் சக்கரத்தைத் திருப்பினால் கை போச்சு.

அதனால்தான் தட்டுக்கம்பி. சக்கரத்துக்குப் பக்கத்தில் சங்கிலியில் தொங்கும். சக்கரத்தைத் தொடும் முன் கம்பியால் குழாயை இரண்டு தட்டு தட்டணும். டங், டங். கையெடு என்று அர்த்தம். தொட்டிக்காரன் கையை எடுத்துவிட்டுக் கோழியை முக்குகிற தன் கொக்கியால் குழாயை ஒரு தட்டு தட்டுவான். எடுத்தாச்சு. அந்த ஒற்றைத் தட்டு வராமல் சக்கரம் திரும்பாது. இதை எந்த மேனேஜரும் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் கையைக் கொடுத்துக் கண்டுபிடித்தது.

மச்சினனுக்கும் கொக்குக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாம் ஒரு ஜோடி பூட்ஸால் வந்தது. காலையில் காய்ந்த பூட்ஸ் யாருக்கு என்பதுதான் எங்கள் கம்பெனியில் அன்றாடம் நடக்கிற முதல் யுத்தம். ஒரு நாள் மச்சினன் எடுத்து வைத்திருந்ததைக் கொக்கு மாட்டிக்கொண்டு போய்விட்டான். இவன் ஒரு வார்த்தை விட்டான், அவன் ஒரு வார்த்தை விட்டான், அடுத்த வார்த்தையை இவன் அவன் அம்மாவைப் பற்றி விட்டான். அதோடு நின்றது பேச்சு. ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்தது. ஒரே குழாயின் இரண்டு முனையில் நின்று வேலை செய்தார்கள், ஒரு சொல் கிடையாது. ஆனால் டங் டங் என்று அவன் தட்டாத நாளும் இல்லை, டங் என்று இவன் பதில் தட்டாத நாளும் இல்லை. எதிரியாக இருந்தாலும் தட்டலாம். கம்பியைக் கையில் எடுக்கச் சிநேகிதம் வேண்டியதில்லை.

பிறகு பெரிய கொள்முதல்காரர்கள் பார்வையிட வந்தார்கள். சத்தத்துக்குக் கோழி மிரளும், மிரண்டால் கறி விறைத்துப்போகும் என்று அவர்களில் ஒருவர் சொன்னாராம். மறுநாளே மேனேஜர் சங்கிலியை அறுத்துக் கம்பியை எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். கழுத்தை அறுக்கப்போகிற கோழி மிரளக் கூடாதாம். சுவரில் ஒரு சின்ன ஜன்னல் இடித்துக் கொடுத்து, "இனிமே மனுஷங்க மாதிரி வாயால சொல்லிக்குங்க" என்றார்.

வாயால் சொல்லலாம். பேச்சுவார்த்தை இருக்கிறவர்கள் சொல்லலாம்.

அந்த வாரத்திலேயே மச்சினனின் கை வெந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். சோறு ஊட்டுவது அவன் அக்கா. கக்கூஸுக்குக் கூட்டிப்போவதும் கழுவிவிடுவதும் நான். கல்யாணம் ஆகாத வாலிபன். முதல் நாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "கண்ணை மூடிக்க மாமா" என்றான்.

"நான் பாக்காத குடலாடா மாப்ள" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவன் அழுதான்.

கட்டுப் பிரிக்கிற நாளில் துணியோடு தோலும் சேர்ந்து வரும். அப்போது வருகிற வாடை எனக்குத் தெரிந்த வாடை. கோழியை முக்கும்போது தொட்டியிலிருந்து எழும்புமே, அதுவேதான். இதை நான் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரி அதன் பிறகு அடுப்பில் கறி ஏற்றவில்லை.

அவன் கேட்டது ஒன்றே ஒன்று. ஊட்டும்போதும் கேட்பான், படுக்கும்போதும் கேட்பான். "வேணும்னே தொறந்தானா மாமா? அது மட்டும் தெரிஞ்சாப் போதும். ஒரு வழியாப் படுத்துத் தூங்கிடுவேன்."

எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. "வேணும்னேதான்டா. பூட்ஸை மனசுல வெச்சுத்தான்" என்பேன். ஸ்டேஷனிலும் அதையே சொன்னோம். கொக்கின் மேல் கேஸ் எழுதினார்கள். கம்பியைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

அப்புறம்தான் வட்டம்மா வந்தார். சமரசம் செய்து வைக்கிற ஒரு சங்கத்தில் வேலை. எங்கே அடிதடி நடந்தாலும் போய் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வைப்பார் என்பதால் எங்கள் ஆட்கள் வைத்த பேர் அது. கம்பெனிதான் அவரை வரவழைத்திருந்தது. எங்கள் வீட்டுத் தரையில் சிரமப்பட்டு உட்கார்ந்து, நல்லவிதமாகவே பேசினார்.

"அவரை ஜெயில்ல போட்டா உங்க தம்பிக்கு என்னம்மா கிடைக்கும்? நாங்க மூணே கேள்விதான் கேக்கறோம். யாருக்குக் காயம்? அவங்களுக்கு என்ன தேவை? அதைச் செய்ய வேண்டிய கடமை யாருக்கு? சம்பந்தப்பட்ட எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பதில் தேடணும்."

"வட்டமா உட்கார்ந்தா வெந்த கை வளந்துடுமா?" என்றாள் வீட்டுக்காரி.

"வளராதும்மா."

அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. வீட்டுக்காரிக்குப் பிடிக்கவில்லை. "அப்ப பிஸ்கெட்டாவது போடுவீங்களா?" என்றாள்.

மச்சினன் மட்டும் தலையைத் தூக்கினான். "அங்க வந்தா, ஏன் அப்படிப் பண்ணான்னு நான் கேக்கலாமா?"

"கேக்கறதுக்குத்தானேப்பா வட்டமே."

அந்த ஒரு வார்த்தைக்காக ஒத்துக்கொண்டான். புறப்படுகிற அன்று அவன் அக்கா சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "போய் மன்னிச்சேன்னு மட்டும் சொல்லிட்டு வந்தே, நாளையிலேர்ந்து சோறு நீயே அள்ளித் தின்னுக்க."

மாடி அறைச் சுவரில் பெரிய காகிதங்கள் ஒட்டியிருந்தன. எனக்கு எழுத்து வந்ததே தலை நரைத்த பிறகுதான், மெதுவாகத்தான் ஓடும். காயம். தேவை. கடமை. கூட்டி வாசித்தபோது கேள்விகள் நியாயமாகத்தான் தெரிந்தன. நல்ல கத்தி. யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

வட்டத்தில் ஐந்து பேர். வட்டம்மா, மேனேஜர், கொக்கு, மச்சினன், நான். ஆபீஸ் பையன் ஒருவன் கேமராவோடு மூலையில் நின்றான். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் கிரீம் பிஸ்கெட் தட்டு. வீட்டுக்காரி கேட்டது வீண்போகவில்லை.

வட்டம்மா பையிலிருந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தார். வழவழவென்று இருந்தது. "இது கையில இருக்கறவங்க மட்டும்தான் பேசணும். மத்தவங்க கேக்கணும். இன்னொண்ணு, இங்க பேசறது இந்த வட்டத்தோட இருக்கணும். போலீஸ்லயோ கோர்ட்லயோ யாரும் எடுத்துச் சொல்லக் கூடாது. அப்பதான் பயமில்லாம உண்மை வெளிய வரும்."

மேனேஜர் இதற்குப் பலமாகத் தலையாட்டினார். கல்லை அவர்தான் முதலில் வாங்கினார்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல ரெண்டு பிள்ளைங்க அடிச்சுக்கிட்டா பெத்தவனுக்கு எப்படி இருக்கும்? நான் ராத்திரி தூங்கறதில்ல." கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனையுதே என்று ஓநாய் அழுத கதை. அதோடு விட்டிருக்கலாம். எழுந்து போய் ஒரு பிஸ்கெட்டை எடுத்து, மச்சினனின் வாய்க்கு நேராக நீட்டினார். "வாயைத் தொற தம்பி. நான் ஊட்டறேன்." மூலையில் கேமரா பளிச்சென்றது.

மச்சினன் முகத்தைத் திருப்பினான். பிஸ்கெட் கன்னத்தில் தேய்ந்து கிரீம் ஒட்டிக்கொண்டது. மேனேஜர் அந்தப் பிஸ்கெட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். கன்னத்தை நான் துடைத்துவிட்டேன். குடல் வாளியில் கை விடும்போது ஒட்டுமே ஒரு பிசுபிசுப்பு, அதைவிட மோசமாக இருந்தது அந்தக் கிரீம்.

கல் கொக்கிடம் போனது. அவன் எழுந்து நின்றான். பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிற பையன் மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எனக்கும் தொட்டிக்காரருக்கும் இடையே இருந்த தனிப்பட்ட மனஸ்தாபத்தின் காரணமாக இந்தத் துயரச் சம்பவம் நிகழ்ந்துவிட்டது. அதற்காக மனமார மன்னிப்புக் கோருகிறேன்."

கொக்கு மனஸ்தாபம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. எவனோ எழுதிக் கொடுத்து உருப்போட வைத்திருக்கிறான். மேனேஜரின் உதடு அவனோடு சேர்ந்து லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

"ரொம்ப நல்லது" என்றார் வட்டம்மா. அவருக்கே அவ்வளவு நல்லதாகப் படவில்லை என்று குரலில் தெரிந்தது. "இப்ப தம்பி பேசட்டும்."

கொக்கு கல்லை நீட்டினான். மச்சினன் இரண்டு துணிப் பொட்டலங்களையும் நீட்டினான். இரண்டுக்கும் நடுவே கல்லை வைத்தான் கொக்கு. அது நிற்குமா? வழுக்கி முழங்காலில் பட்டுக் கம்பளத்தில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. ஆபீஸ் பையனுக்குச் சிரிப்பு வந்து இருமுகிற மாதிரி நடித்தான்.

வட்டம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. எத்தனையோ ஊரில் அந்தக் கல்லைச் சுற்ற விட்டிருப்பார். கை இல்லாதவனுக்குக் கொடுத்துப் பார்த்தது அன்றுதான் போல. "மன்னிச்சுக்குங்க. எனக்குத் தோணாமப் போச்சு" என்றார். அந்த அறையில் அன்றைக்கு நான் கேட்ட முதல் நிஜ மன்னிப்பு அது.

மூன்றாம் தடவை கொக்கு கல்லை எடுத்து, மச்சினனின் மடிக்கு முன்னால் முட்டி போட்டு, தன் கையிலேயே ஏந்திக்கொண்டான்.

மச்சினன் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். "மாமா, அவன்கிட்ட கேளு. ஏன் சொல்லலன்னு கேளு."

"நேரா அவர்கிட்டயே கேளுங்க தம்பி" என்றார் வட்டம்மா.

"நாங்க பேசறதில்லைங்க."

"அதைச் சரி பண்ணத்தானே வந்திருக்கோம்."

"நான் அதுக்கு வரலைங்க. பதில் கேக்க வந்தேன்."

கொக்கும் என்னைத்தான் பார்த்தான். முட்டி போட்டபடியே பேச ஆரம்பித்தான். இந்தத் தடவை உருப்போட்ட பேச்சு இல்லை.

"அண்ணே, அவன்கிட்ட சொல்லுங்க. கம்பியை எடுத்துட்டாங்க. ஜன்னல்தான் இருந்துச்சு. மொத நாளு கூட்டற பொண்ணு அந்தப் பக்கம் போச்சு, கையெடுக்கச் சொல்லும்மான்னேன். மறுநாளு நீங்களே போனீங்க. உங்ககிட்ட சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நான்தான் போய், டேய் கையெடுடா என்று சொல்லியிருந்தேன். அப்போது அது எனக்கு விளையாட்டாக இருந்தது.

"அன்னைக்கு யாருமே போகல. தண்ணி ஆறிப்போச்சு, சூடு ஏத்து சூடு ஏத்துன்னு உள்ளேர்ந்து கத்தறாங்க. ஜன்னல்கிட்ட போனேன். அவன் முதுகு தெரிஞ்சுது. டேய்னு கூப்பிட வாய் வரைக்கும் வந்துச்சுண்ணே. நான் ஏன் மொதல்ல கூப்பிடணும்னு நின்னுட்டேன். எங்கம்மாவைச் சொன்னவன்தானே. மெதுவாத் தொறந்தா குழாய் உறுமும், உறுமினா எடுத்துடுவான்னு நெனச்சேன். தொறந்தேன்."

"குனிஞ்சிருந்தேனான்னு கேளு மாமா."

நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

"குனிஞ்சிருந்தான்" என்றான் கொக்கு.

"கை தெரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்டேன்.

"கை தெரியல." கொக்கு கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஆனா தொட்டியில குனிஞ்சவன் கை வேற எங்கண்ணே இருக்கும்?"

வேண்டுமென்று செய்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இருந்திருந்தால் தேவலை. ஒரு மனுஷனின் முதுகைப் பார்த்துக்கொண்டே, முதலில் வாய் திறப்பது யார் என்கிற ரோஷத்தில் சக்கரத்தைத் திருப்பியிருக்கிறான். வேண்டுமென்றும் இல்லை, தெரியாமலும் இல்லை. தொட்டியின் அடியில் கிடக்கிற களி மாதிரி ஒன்று.

மேனேஜர் கைதட்டினார். "அவ்வளவுதான்! மனசு தொறந்து பேசிட்டாரு. இதைத்தான் எதிர்பார்த்தோம். ரெண்டு பேரும் எழுந்து ஒரு தடவை கட்டிப்பிடிச்சுக்குங்க, ஆபீஸ் பையன் போட்டோ எடுத்துடுவான்."

"இருங்க" என்றான் மச்சினன். "எனக்கு என்ன தேவைன்னு கேக்கணும் இல்ல? சுவத்துல எழுதியிருக்கு. இன்னும் யாரும் கேக்கல."

"கேக்கறேன் தம்பி" என்றார் வட்டம்மா. "என்ன தேவை?"

"கம்பி வேணும். நாளைக்கு என் எடத்துல வேற எவனோ நிப்பான். அவனுக்கும் பாய்லர்க்காரனுக்கும் ஆயிரம் இருக்கும். ஒருத்தனை ஒருத்தன் கொல்லணும்னுகூட நெனப்பானுங்க. நெனச்சுட்டுப் போகட்டும், கம்பி தொங்கினாத் தட்டுவானுங்க. அதை எடுத்தவரும் இதே வட்டத்துலதான் உட்கார்ந்திருக்காரு. கல்லை அவர்கிட்ட குடுக்கச் சொல்லு மாமா."

கொக்கு எழுந்து கல்லைக் கொண்டுபோய் மேனேஜரிடம் நீட்டினான். மேனேஜர் வாங்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டார். நல்ல கைகள், நகம் வெட்டிச் சுத்தமாக இருந்தன.

"இது இயந்திரம் சம்பந்தப்பட்ட விஷயம். ரெண்டு பேரோட சண்டையைத் தீர்க்கத்தான் இந்த ஏற்பாடு."

"கல்லை வாங்கிக்கலாமே சார்" என்றார் வட்டம்மா. "வட்டத்துல உட்கார்ந்துட்டா எல்லாரும்…"

"அம்மா, உங்களைக் கூப்பிட்டது நாங்க."

குரலைக்கூட உயர்த்தவில்லை அவர். வட்டம்மா வாயை மூடிக்கொண்டார். கொக்கு கல்லைப் பிஸ்கெட் தட்டில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

உடன்படிக்கைக் காகிதத்தை என்னிடம் கொடுத்தார்கள். விரல் வைத்துக் கூட்டி வாசித்தேன். இருவரும் இனி வேலையிடத்தில் மனம் திறந்து பேசிப் பழகுவார்கள். வழக்கு திரும்பப் பெறப்படும். அவ்வளவுதான். முன்கூட்டியே அடித்து வைத்த காகிதம்.

"கம்பி எங்கம்மா இதுல?"

"அடுத்த கூட்டத்துல பேசலாங்கய்யா." வட்டம்மாவின் கண் என் பக்கம் வரவில்லை. கெட்ட பொம்பளை இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் ஒரு வசவோடு போயிருக்கும். இதுதான் தொண்டையிலேயே நின்றது.

கையெழுத்துக்கு மச்சினனிடம் வந்தார்கள். பேனா பிடிக்க முடியாது. பெருவிரல் ரேகைக்கு மைப்பெட்டியை எடுத்தார்கள், பெருவிரல் துணிக்குள் இருந்தது. மேனேஜர் ஒரு நிமிஷம் யோசித்தார்.

"கால் கட்டைவிரல் வெச்சுக்கலாமே" என்று சொல்லிக் குனிந்து, தன் கையாலேயே மச்சினனின் செருப்பைக் கழற்றப் போனார்.

எங்கள் முன்னால் அவர் குனிந்து அன்றுதான் பார்த்தேன். அந்த முதுகைப் பார்த்தபோது எனக்குள் என்னென்னவோ வந்தது. எழுத வேண்டாம்.

மச்சினன் காலை இழுத்துக்கொண்டான். "கால் நடக்கறதுக்குங்க" என்று எழுந்தான். நானும் எழுந்தேன். படியிறங்கும்போது பின்னால் மேனேஜர் யாரிடமோ, "ஆட்டோ வெச்சுக் குடுங்கப்பா, பாவம்" என்று சொல்வது கேட்டது. நடந்தே வந்தோம்.

வீட்டில் நடந்ததைச் சொன்னோம். வீட்டுக்காரி கரண்டியும் கையுமாக நின்று கேட்டாள்.

"அப்ப வேணும்னேதான் பண்ணியிருக்கான்?"

"இல்லக்கா."

"அப்ப தெரியாமப் பண்ணானா?"

"அதுவும் இல்ல."

"என்ன எழவுடா அது?" என்றாள். அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு அவன் கேள்வி கேட்காமல் படுத்தான். நான்தான் முழித்துக் கிடந்தேன். கேஸ் நடக்கும். பூட்ஸுக்காகக் கையை வேக வைத்தவன் என்று கொக்கை உள்ளே தள்ளுவார்கள். கம்பிக் கதை மாடியிலேயே, கம்பளத்தின் மேலேயே கிடந்து மக்கிப்போகும். வட்டத்தோட இருக்கணும் என்று சொல்லியாகிவிட்டதே.

காலையில் அவள் ஊட்டிக்கொண்டிருக்கும்போது வாசல் இரும்புக் கதவில் சத்தம் கேட்டது.

டங், டங்.

மச்சினன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். எழுந்து நடைவழிக்குப் போய், கவிழ்த்து வைத்திருந்த தகர வாளியைக் காலால் ஒரு உதை விட்டான். ஒரே ஒரு சத்தம். நான் கதவைத் திறந்தேன்.

கொக்கு கையில் ஒரு கல்லோடு நின்றான். வழவழப்பானது இல்லை, தெருக் கல். தூங்காத கண் வீங்கியிருந்தது. "அண்ணே, அவன்கிட்ட சொல்லுங்க. நான் ஸ்டேஷனுக்குப் போறேன். மாடியில சொன்னதை அங்கயும் சொல்லப்போறேன். முதுகைப் பார்த்ததையும் சொல்றேன், கம்பியை எடுத்ததையும் சொல்றேன். நான் மட்டும் சொன்னா தப்பிக்கறதுக்குச் சொல்றான்பாங்க. கம்பி ஒண்ணு இருந்துச்சுன்னு அவன் வந்து சொல்லணும்."

"வெளிய சொல்லக் கூடாதுன்னாங்களேடா."

"யாரும்தான் கையெழுத்தே போடலியேண்ணே."

"உன் வேலை போயிடும்."

"நேத்து சாயங்காலமே போயிடுச்சு."

பின்னாலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீர் பறந்து வந்து அவன் காலடியில் விழுந்தது. வீட்டுக்காரி. "சட்டியில இன்னும் மிச்சம் இருக்கு. மூஞ்சியிலயும் ஊத்தட்டுமா?"

கொக்கு நகரவில்லை. "ஊத்துங்கக்கா" என்றான். அவன் அப்படிச் சொன்னதும் அவளுக்கு அருவருப்பு வந்து சட்டியை உள்ளே எடுத்துப் போய்விட்டாள்.

மச்சினன் வெளியே வந்தான். "மாமா, சட்டையை மாட்டிவிடு" என்றான்.

மூன்று பேரும் தெருவில் நடந்தோம். நடுவில் நான். இடது பக்கம் மருந்துத் துணியின் வாடை, வலது பக்கம் கொக்கின் மேலிருந்து பாய்லர் எண்ணெயின் வாடை. இரண்டும் என் மேல் படிந்தன. கொக்கின் முழங்கை என் மேல் உரசும்போதெல்லாம் உடம்பு கூசியது. இன்றைக்கும் அவனை நினைத்தால் எனக்குக் கூசத்தான் செய்கிறது.

முனையில் சாக்கடை மூடி உடைந்து வாய் பிளந்து கிடந்தது. கொக்கு தலை குனிந்தபடி நேராக அதை நோக்கியே நடந்தான்.

"மாமா" என்றான் மச்சினன். "அவனை ஓரமா வரச் சொல்லு."

சொன்னேன். வந்தான்.

ஸ்டேஷனில் இருந்த போலீஸ்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னய்யா, சமாதானம் ஆயிட்டீங்களா?"

"இல்லைங்க" என்றார்கள் இரண்டு பேரும்.

"அப்புறம் எதுக்குய்யா ஒண்ணா வந்தீங்க?"

"ஒரு கம்பியைப் பத்திச் சொல்லணுங்க" என்றேன் நான்.

அவர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார். அவர் கேட்டதை நான் இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொன்னேன், அந்தப் பக்கம் கேட்டு இந்தப் பக்கம் சொன்னேன். முதுகைப் பற்றிக் கொக்கு சொன்னபோது போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்தி அவனை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. பிறகு தொடர்ந்து எழுதினார்.

"கம்பி எவ்வளவு நீளம் இருக்கும்?" என்றார்.

நான் வாய் திறக்கும் முன்னால் கொக்கு இரண்டு கையையும் அகட்டிக் காட்டினான். இந்தப் பக்கம் மச்சினனும் துணி சுற்றிய இரண்டு கையையும் தூக்கி அகட்டினான். இரண்டு அளவும் ஒன்றாகவே இருந்தன. போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.